மனப்பாடமும் மறுப்பும்

சென்னை மாகாணத்துப் பள்ளிக்கூடங்களின் நிலையை அறிய விரும்பிய கவர்னர் தாமஸ் மன்றோ, 1822இல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் விவரம் கேட்டார். வந்த பதில்களில் பல வெறும் அட்டவணைகள். பெல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823இல் எழுதிய பதில் எண்ணிக்கையோடு நிற்காமல், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் விரிவாகச் சொன்னது. குறைந்த செலவில் எழுத்துப் பழக்கும் திறமையையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அவர் பாராட்டினார். படிக்கும் நூல்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறியது. அவை பேச்சுமொழிக்கு எட்டாத செய்யுள் நடையில் இருக்கின்றன, ஆசிரியர்களிலேயே சிலருக்குத்தான் அவற்றை விளக்கத் தெரியும், மாணவர்களோ கிளிகளைப் போல ஒப்பிக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய மாவட்டம். ஆனாலும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகள்மேல் பிற்காலத்தில் வைக்கப்பட்ட குறைகளில் முக்கியமானதும் இதுதான். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் உருப்போட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிந்தனை எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது மூதுரை எனப்படும் இத்தகைய அறவாசகத்தின் ஆயுளில் முதல் ஐந்து ஆண்டுகளை மட்டுமே பார்த்துவிட்டுக் கேட்கப்படுகிறது. தமிழில் ஒரு சிறு வாசகம் மனப்பாடம், உரை, எடுத்துக்காட்டு, எதிர்வாசகம் என்று பல கைகளுக்கு மாறிப் போயிருக்கிறது. அது யாரையாவது சிந்திக்க வைத்தது என்றால் அப்படி மாறிய இடங்களில்தான் வைத்தது. மனப்பாடம் அந்தப் பயணத்தைக் கெடுக்கவில்லை, தொடங்கிவைத்தது என்பதே என் வாதம்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதியது. பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனது. அரிச்சுவடியும் எண்சுவடியும் ஒருபுறம், நீதிச் சுவடிகள் மறுபுறம். ஆத்திசூடிக்கு 109 வரி, கொன்றைவேந்தனுக்கு 91. இரண்டும் பிற்கால ஔவையார் பெயரில் வழங்குபவை. அவற்றையடுத்து மூதுரை, நல்வழி, உலகநாதரின் உலகநீதி, அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை என்று வரிசை நீளும். பாடம் சொல்வதும் கேட்பதும் பெரும்பாலும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் பொறுப்பு. தவறினால் குட்டு, பிரம்பு, அதற்கும் மேலே கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம். மாலையில் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பையனிடமும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லியனுப்பி, மறுநாள் மறக்காமல் வந்து சொல்லவைக்கும் பழக்கத்தை உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் பதிந்திருக்கிறார். நினைவை ஓர் உறுப்பைப் போலப் பயிற்றிய கல்விமுறை அது. எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் பார்த்துத்தான் ‘மெட்ராஸ் முறை’யை வகுத்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்துக்குப் போனது அந்த முறை மட்டும்தான். நீதிச் சுவடிகள் இங்கேயே தங்கிவிட்டன.

அந்தச் சுவடிகளின் அமைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆத்திசூடியின் வரிகள் பொருள் வரிசையில் அமைந்தவை அல்ல, எழுத்து வரிசையில் அமைந்தவை. அறம் பற்றிய வரிக்குப் பக்கத்தில் சினம் பற்றிய வரி வருவதற்குக் காரணம் அகரத்துக்குப் பின் ஆகாரம் வருவதுதான். ஒரு வரி அடுத்த வரிக்குச் சான்று ஆவதில்லை. காரணம் எங்கும் சொல்லப்படுவதில்லை. இரண்டு அல்லது மூன்று சொற்களில் ஓர் ஏவல் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இதைக் குறை என்று கொள்ளலாம். கட்டளை மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை, ஆகவே இது கீழ்ப்படிதலுக்கான பயிற்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் பழைய தமிழ் இலக்கணம் மூதுரையை அப்படிப் பார்க்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் ஏழு வகைகளை எண்ணும்போது விடுகதையான பிசியையும் வசையான அங்கதத்தையும் எண்ணுகிற அதே வரிசையில் முதுமொழியையும் வைக்கிறது. அதற்குச் சொல்லும் இலக்கணத்தில் நுட்பம், சுருக்கம், தெளிவு, மென்மை ஆகியவற்றோடு, சொல்ல வந்த பொருளுக்கு ஏதுவைக் குறிப்பால் உணர்த்துவதையும் சேர்க்கிறது. அதாவது காரணம் மூதுரைக்குள் இருக்க வேண்டும், ஆனால் வெளியே தெரியக் கூடாது. அதைத் தோண்டி எடுப்பது கேட்பவன் வேலை. விடுகதைக்கும் மூதுரைக்கும் அண்டை வீட்டு உறவு என்பதைத் தொல்காப்பியர் தற்செயலாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

தோண்டும் வேலைக்கு ஒழுங்கான முறையும் வகுக்கப்பட்டிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரம், உரை என்பதற்கு 14 உறுப்புகளைச் சொல்கிறது. வினாவும் விடையும் அவற்றில் சேர்ந்தவை. சுருங்கிய காண்டிகை உரைக்கே கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் மட்டும் போதாமல், வினா விடையையும் அது சேர்த்துக்கொள்கிறது. பாடம் கேட்கும் மாணவனைப் பற்றி அதே பாயிரம் சொல்லும் கணக்கு இன்னும் சுவையானது. ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். உடன் பயில்வோருடன் பழகி இன்னொரு கால் பங்கு. பிறருக்கு விரித்துச் சொல்லும்போது மீதி அரைப் பங்கு. ஆசிரியருக்குக் கால் பங்குக்கு மேல் இடம் தராத ஒரு கல்விக் கொள்கையைக் கிளிப்பாடம் என்று சொல்ல முடியாது. காம்பெல் பார்த்தது அந்தக் கால் பங்கையும் முழுமையாகப் பெறாத பிள்ளைகளை. அவர் பார்வை பொய் அல்ல. ஆனால் நன்னூல் வரைக்கும் போன மாணவன் அவர் கண்ணில் படும் இடத்தில், அதாவது எழுத்துப் பழகும் திண்ணையில், இருந்திருக்க மாட்டான். அவன் ஒரு மடத்திலோ புலவர் வீட்டிலோ பாடம் கேட்டுக்கொண்டிருந்திருப்பான்.

அங்கே என்ன நடந்தது என்பதற்குத் திருக்குறள் உரைகளே சாட்சி. பழைய உரையாசிரியர்கள் பதின்மர் என்று ஒரு வெண்பா கணக்குச் சொல்கிறது. நமக்குக் கிடைத்திருப்பவை மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காளிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள். ஏழு சீர் கொண்ட ஒரு பாட்டுக்கு ஐந்து பேர் உரை எழுதியதே, முன்னவர் சொன்னது போதவில்லை அல்லது சரியில்லை என்று பின்னவர் கருதியதால்தான். பொருளில் மட்டும் வேறுபாடு இல்லை. குறள்களின் வரிசை மாறுகிறது, சில இடங்களில் பாடமும் மாறுகிறது, அதிகாரத்தின் பெயரே மாறுகிறது. ஏழாம் அதிகாரத்தை மக்கட்பேறு என்று மணக்குடவர் கொள்ள, பரிமேலழகர் புதல்வரைப் பெறுதல் என்று கொண்டார். அதோடு விடாமல், அறிவுள்ள மக்களைப் பற்றிய முதற் குறளில் மக்கள் என்பது பெண்மக்களை விலக்கி நிற்கிறது என்றும் எழுதினார். மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டுத் தாய் மகிழ்வதைச் சொல்லும் குறளில், பெண் தானாக அறியமாட்டாள் என்பதால்தான் கேட்ட தாய் என்று சொல்லப்பட்டது என்றும் காரணம் காட்டினார். மூலத்தில் இல்லாததை உரையில் ஏற்றினார் என்று இருபதாம் நூற்றாண்டில் அவரைக் கண்டித்தவர்கள் பலர். அவர்களுடைய கண்டனம் எளிதாக நிலைபெற்றதற்குக் காரணம் குறளின் நீளம். மூலம் ஒன்றே முக்கால் அடி, எல்லோருக்கும் மனப்பாடம், அதன் எந்தச் சொல்லில் பெண் விலக்கப்படுகிறாள் என்று கேட்டால் காட்ட இடமில்லை. நீண்ட சாத்திர நூலில் ஓர் உரைகாரரின் சார்பைக் கண்டுபிடிக்கப் புலவர் வேண்டும். குறளில் அதற்குப் பள்ளிப் படிப்புப் போதும்.

வள்ளுவரே இந்த வேலையை உரைகாரர்களுக்கு மட்டும் விட்டுவைக்கவில்லை. 38ஆம் அதிகாரமான ஊழ், விதியைவிட வலியது எது, நாம் அதைத் தவிர்க்க வேறு வழி தேடினாலும் அது முந்திக்கொண்டு வந்துவிடும் என்று முடிகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, தளராமல் முயல்பவர் விதியையும் புறமுதுகு காட்டச் செய்வர் என்று முடிகிறது. இரண்டும் ஒரே நூலில், இரண்டும் தத்தம் அதிகாரத்தின் பத்தாம் குறளாக, கடைசி வார்த்தையாக. இரண்டையும் மனப்பாடமாக வைத்திருப்பவன் ஏதாவது ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். பரிமேலழகர் பார்த்தார். விதி ஒரு முறை தடுக்கும், இரு முறை தடுக்கும், அதற்கு மேல் தடுக்க மாட்டாது. ஆகவே பல முறை முயல்பவர் பயன் பெறுவர் என்று சமாதானம் சொன்னார். இந்தச் சமாதானம் திருப்தியானதா? ஊழ் அதிகாரத்தில் அப்படி ஓர் எண்ணிக்கை வரம்பு இல்லை. அவரே கொண்டுவந்து சேர்த்தது. அறத்துப்பாலில் பேசுவது வேறு, அரசியலில் பேசுவது வேறு, துறவிக்கும் அமைச்சனுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்று வேறொரு வழியிலும் இதற்கு விடை சொல்லலாம். எது சரி என்பதைவிட, நூல் இந்தத் தீர்ப்பைத் தானே வழங்காமல் படிப்பவனிடம் விட்டிருப்பதுதான் இங்கே முக்கியம். வாய்மை அதிகாரத்திலும் இதே கதை. தீமை பயக்காத சொல்லே வாய்மை என்று முதலில் வரையறுத்துவிட்டு, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறளிலேயே சொல்கிறார். அந்த நன்மையை அளப்பது யார் என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. பட்டிமன்ற மேடைகள் இன்றைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மூதுரையை வாழ்க்கை நிகழ்ச்சியோடு உரசிப் பார்க்கும் பழக்கமும் பழையது. முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூறு, ஒவ்வொரு வெண்பாவின் முடிவிலும் மக்கள் வாயில் வழங்கிய ஒரு பழமொழியை வைத்து, மேலே அதற்கான சூழலைச் சொல்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகனும் அதில் ஒரு பாட்டில் வருகிறார்கள். செடிக்குத் தேர் எதற்கு, மயிலுக்குப் போர்வை எதற்கு? வள்ளல்களின் புகழைப் பாடுகிறவர்கள் பொதுவாகக் கேட்காத கேள்வி இது. பாட்டோ அதை மடமை என்றே ஒப்புக்கொள்கிறது. தெரிந்தே செய்யும் அத்தகைய மடமை சான்றோருக்கு அழகு என்ற பழமொழியில் கொண்டுபோய் முடிக்கிறது. ஒரு புகழ்ச்சிக் கதையை ஒரு பழமொழி எப்படித் திருப்பிப் பார்க்க வைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் இந்தப் பழக்கம் தனி இலக்கிய வகையாகவே ஆனது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், 1785இல் மறைந்தவர், சோமேசர் முதுமொழி வெண்பாவில் 133 அதிகாரத்துக்கும் அதிகாரத்துக்கு ஒரு குறளாக எடுத்து, அதை வெண்பாவின் பிற்பாதியாக வைத்து, முற்பாதியில் அதற்கு ஏற்ற கதையைப் பொருத்தினார். திருவரங்கத்து இரங்கேசரை விளித்து எழுந்த இரங்கேச வெண்பா இதே முறையில் இராமாயண, பாரதக் கதைகளைப் பொருத்தியது. தினகர வெண்பா, சிவசிவ வெண்பா என்று இன்னும் சில உண்டு.

இங்கே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். இந்த வெண்பாக்களில் கதை எப்போதும் குறளை மெய்ப்பிக்கவே வருகிறது, எந்தக் கதையும் குறளைப் பொய்ப்பிப்பதில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்த சோதனையைச் சோதனை என்று எப்படிச் சொல்வது? உண்மைதான். சிவஞான முனிவர் தருக்கத்தில் தேர்ந்தவர், எதிர்க்கட்சி நூல்களை வரி வரியாக மறுத்தவர். ஆனால் வள்ளுவரிடம் அவர் வாதாடவில்லை. இதை விமர்சனம் என்று நான் பெயரிடவில்லை, அதற்கு முந்திய ஒரு படி என்கிறேன். ஒரு பொதுவிதி எந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பகுத்தறிந்தால்தான் கதையைத் தேர்ந்தெடுக்க முடியும். அது மட்டுமல்ல, சைவர் ஒருவரும் வைணவக் கதைகளைப் பாடிய ஒருவரும் தத்தம் கதைகளோடு ஒரே நூலுக்கு வந்து சேர்கிறார்கள். ஒருவர் சாத்திரத்தை மற்றவர் ஏற்காத காலத்தில், இருவரும் ஏற்ற பொது ஆதாரமாகக் குறள் இருந்தது. வாதம் நடப்பதற்கு இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஏதோ ஒன்று வேண்டும். அதைத் தந்தது மூதுரை. அதை இருதரப்பு வீட்டுப் பிள்ளைகளின் மனத்திலும் பதித்தது திண்ணை.

இதைவிடக் கடுமையான தடை ஒன்று உண்டு. உரை, வெண்பா, நன்னூல் என்று சொல்வதெல்லாம் எத்தனை பேருக்குக் கிடைத்தது? மன்றோவின் கணக்கெடுப்பே பதில் சொல்கிறது. 1826இல் அவர் தொகுத்த எண்களின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகையோ 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல். மாணவர்களில் பெண்கள் 4,540 பேர். வீட்டில் படித்தவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்று மன்றோ கருதினார். வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, பள்ளிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளும் பெருமளவில் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். தமிழ் மாவட்டங்களுக்கு அது பெரிதும் பொருந்தும். என்றாலும் தீண்டாமைக்கு உள்ளான சாதிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் திண்ணைக்கு வெளியேதான் நின்றார்கள். பெண்களின் எண்ணிக்கைக்கு விளக்கமே தேவையில்லை. திண்ணைக்கு வந்தவர்களிலும் பலர் எழுத்தும் கணக்கும் கைவந்ததும் வயலுக்கோ கடைக்கோ போய்விட்டார்கள். அவர்களுக்கு மூதுரை முதற்படியோடு நின்றது. ஆகவே பழைய கல்விமுறை எல்லோரையும் சிந்திக்கப் பழக்கியது என்று பெருமை பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். மனப்பாடம் ஓரளவு பரவலாகவும், விசாரணை மிகச் சிலருக்கு மட்டுமாகவும் இருந்தது. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் அடுத்த நூற்றாண்டு மாற்றியது, பாதிதான் மாற்றியது.

மாற்றத்தில் அச்சுக்குப் பங்கு உண்டு. அச்சேறும் முன்பே இந்நூல்கள் ஐரோப்பியர் கைக்குப் போயிருந்தன. தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் சீகன்பால்கு 1708லேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கிறித்தவம் அறியாத மக்களிடம் இத்தகைய அறம் எப்படி வந்தது என்பது ஐரோப்பியருக்கு வியப்பாக இருந்தது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், நகரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டி, 1818இல் இராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் நீரைப் பற்றிய ஒரு குறளையே காரணமாகப் பொறித்தார். அரசு அலுவலர் ஒருவர் தாம் செய்த பொதுப்பணிக்கு மூதுரையைச் சான்றாகக் காட்டிய அபூர்வமான இடம் அது. திருக்குறள் 1812இல் முதன்முதலாக அச்சேறியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கியவர். ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் எளிய உரை எழுதி அச்சிட்டார், 1861இல் திருக்குறள் பரிமேலழகர் உரையையும் பதிப்பித்தார். காம்பெல் சொன்ன குறைக்கு, பொருள் புரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்பதற்கு, நாவலர் தந்தது நேரான விடை: பொருள் பாட்டின் கீழேயே இருக்கிறது, படித்துக்கொள். ஆனால் அச்சு ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டது. ஓலையில் பல உரைகள் பல மடங்களில் கிடந்தன; அச்சில் பரிமேலழகர் ஒருவரே நெடுங்காலம் குறளின் பொருளாக ஆகிவிட்டார். மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை வ. உ. சிதம்பரனார் 1917இல் அச்சிட்டபோதுதான் வேறு வழியிலும் பொருள் கொள்ளலாம் என்பது புலவர் அல்லாதவர்களுக்குத் தெரிந்தது. அவர் 1914இல் மெய்யறம் என்ற பெயரில் ஓரடி வாசகங்களாலேயே ஒரு நூல் எழுதி வெளியிட்டிருந்தார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மூதுரை எழுதியவரே மாற்று உரையையும் தேடிப் பதிப்பித்தார்.

அதே காலத்தில் புதுச்சேரியில் இருந்த பாரதி செய்தது இன்னும் துணிச்சலானது. 110 வரிகளில் புதிய ஆத்திசூடி எழுதினார். வடிவம் பழையது: அதே அகர வரிசை, அதே இரண்டு மூன்று சொல் ஏவல், முன்னால் கடவுள் வாழ்த்து. பழைய நூலுக்குப் பெயர் தந்த கடவுள் வாழ்த்து ஆத்தி மாலை சூடிய சிவனைச் சார்ந்து நிற்க, பாரதி அதே சிவனில் தொடங்கிப் பிற சமயங்கள் வணங்கும் தெய்வங்களையும் அழைத்து, எல்லாம் ஒரே பரம்பொருள் என்று முடித்தார். உள்ளே போனால் நேர் எதிர்ப்புகள். ஔவை சினத்தைத் தணிக்கச் சொன்னாள். பாரதி சீற்றத்தைப் பழகச் சொன்னார். ஔவை போர்த்தொழில் வேண்டாம் என்றாள். பாரதி அதையும் பழகச் சொன்னார். பெண் பேச்சைக் கேளாதே என்று பெண்பாற் புலவர் பெயரிலேயே வழங்கும் வரிக்கு எதிரே, பெண்ணை உயர்த்து என்றார். பழமையைக் கண்டு அஞ்சாதே என்று ஒரு வரி. இது மற்ற வரிகள் எல்லாவற்றையும் எழுதும் உரிமையைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் வரி.

பாரதி இதைக் கட்டுரையாகவும் எழுதியிருக்கலாம். அவர் நிறையக் கட்டுரை எழுதியவர். இங்கே வாசக வடிவத்தைத் தேர்ந்ததற்கு இலக்கு திண்ணைப் பிள்ளை என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், எதிர்ப்பு முழுவதும் கேட்பவரின் நினைவை நம்பி நிற்கிறது என்பது. புதிய நூலில் பழைய வரி எதுவும் மேற்கோளாக வரவில்லை, எதை மறுக்கிறேன் என்று எங்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. படிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஔவையின் வரி உள்ளே ஒலித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் இவருடைய வரி வந்து மோதியது. மனப்பாடம் இல்லாவிட்டால் அந்த மோதல் நிகழ்ந்திருக்காது, வெறும் 110 அறிவுரைகள்தான் மிஞ்சியிருக்கும். உருப்போட்ட பிள்ளைக்குச் சிந்திக்க வராது என்று வாதிடுவோர் இதற்கு விடை சொல்ல வேண்டும். பாரதியும் உருப்போட்டு வளர்ந்த பிள்ளைதான். அவர் வாசகர்களும் அப்படியே. பாரதி மாமேதை, விதிவிலக்கு, அவரை வைத்து ஒரு முறையை மதிப்பிடக் கூடாது என்று சொல்லலாம். ஆனால் பாரதிதாசனும் தமக்கென ஓர் ஆத்திசூடி பாடினார். அவருக்குப் பின்னும் ஆத்திசூடிகள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. அந்த வடிவமே பதில் எழுத அழைக்கிறது. முந்நூறு பக்க நூலுக்குப் பதில் எழுத ஆயுள் வேண்டும். மூன்று சொல்லுக்குப் பதில் மூன்று சொல் போதும்.

மறுப்பு எல்லாம் பாட்டாகவும் வரவில்லை. பெரியார் ‘வள்ளுவரும் கற்பும்’ என்ற கட்டுரையில் குறளின் பெண் பற்றிய அதிகாரங்களை நேருக்கு நேர் எதிர்த்தார். அதே பெரியார் 1949இல் சென்னையில் திருக்குறள் மாநாடு நடத்தினார். இதை முரண்பாடு என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. யார் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளை ஆராய்ந்து காண்பதே அறிவு என்று ஒரு நூல் தானே சொல்லுமானால், அந்த நூலையும் அப்படி ஆராய்ந்து, கொள்ள வேண்டியதைக் கொண்டு தள்ள வேண்டியதைத் தள்ளுவது அதற்குச் செய்யும் துரோகம் ஆகாது. 1949லேயே மு. வரதராசனாரின் தெளிவுரையும் வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சிறு புத்தகம், உரையாசிரியர்களின் சண்டையைக் கேட்டறியாத குடும்பங்களுக்கும் குறளைக் கொண்டு சேர்த்தது. பொருளை ஓரிரு வாக்கியத்தில் முடித்தும் வைத்தது. 1967இல் ஆட்சி மாறிய பின் அரசுப் பேருந்துகளில் குறள் பலகைகள் வந்தன. திண்ணைக்குள் வர முடியாதவர்களின் பேரப்பிள்ளைகளும் நடத்துநர் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் நேரத்தில் அதைப் படித்தார்கள். பரவல் என்ற அளவில் மன்றோ காலத்துக் கணக்கோடு ஒப்பிடவே முடியாத சாதனை இது. அதை ஏளனம் செய்கிறவர்கள் அந்தப் பழைய அட்டவணையில் யார் பெயர் விடுபட்டது என்று பார்ப்பதில்லை.

பரவிய அளவுக்கு வினா விடை பரவவில்லை. தேர்வுத் தாளில் குறளை அடிபிறழாமல் எழுதினால் மதிப்பெண், பொருள் எழுதினால் மதிப்பெண். 38ஆம் அதிகாரத்தையும் 62ஆம் அதிகாரத்தையும் எதிரெதிரே வைத்து ஒரு வினா கேட்டால் அதைத் திருத்துவது கடினம், அதனால் கேட்பதில்லை. சீற்றம் பழகச் சொன்ன பாரதியின் வரி இப்போது பனியன்களிலும் பைக்குகளிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு ஔவையின் இரண்டாம் வரி நினைவில் இருக்கும் என்பது சந்தேகமே. அது நினைவில் இல்லாதபோது பாரதியின் வரி ஒரு பதிலாகப் படிக்கப்படுவதில்லை. தணிக்க வேண்டிய கோபம் எது, தணிக்கக் கூடாத கோபம் எது என்று இரு வரிகளுக்கும் நடுவில் எழுந்த கேள்வி போய், கோபப்படுவதற்கான பொதுவான அனுமதிச் சீட்டாக அது மாறிவிடுகிறது. கிளிப்பாடம் என்று காம்பெல் எதைச் சொன்னாரோ அது இந்த வரிக்கும் நேர்ந்திருக்கிறது, திண்ணையும் பிரம்பும் இல்லாமலே.